அரிசி மில் குழந்தைக்கு ஞானத்தாய்: திருமுழுக்கு முடிந்த மறுநாள் என்ன செய்ய வேண்டும்?

அரிசிமில் சாலை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு குழந்தையின் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) ஞானத்தாயாக நிற்கும்படி கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து பங்கில் ஒரு புகைச்சல். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பங்கு (ஒரு கோயிலின் எல்லைக்குள் உள்ள கத்தோலிக்க சமூகம்) காரைக்குடிக்குப் பக்கத்தில். பெயர் வேண்டாம். புதுவயல் வட்டாரத்து அரிசி மில்களில் இப்போது வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறைய. அவர்களில் ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா பக்கத்துக் குடும்பங்கள் சில, தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சுக்கும் பின்னால், செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பெஞ்சு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். உட்காரச் சொல்லி யாரும் கூப்பிட்டதுமில்லை.

சென்ற மாதம் அவர்களில் ஒரு பெண், கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள். குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்துகாட்டிவிட்டு, தண்ணீர்த்தொட்டியைக் கை காட்டினாள். நான் இந்தியில் பேசியதும் அவள் முகம் மாறிவிட்டது. இடுப்பில் சொருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே அவர்களுடைய கோயில் திருமணச் சான்றிதழ், எட்டாக மடித்தது, மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியது. இத்தனை தூரம் ரயிலில் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பங்குப் பேரவையில் பேச்சு வந்தபோது, "இவர்கள் எந்த அன்பியத்திலும் (தெருவாரியான செபக் குழுவிலும்) இல்லை, சந்தா கட்டுவதில்லை, சொந்த ஊர்ப் பங்கிலிருந்து கடிதமும் இல்லை. ஊருக்குப் போகும்போது அங்கேயே வைத்துக்கொள்ளட்டுமே" என்றார்கள். ஃபாதர் மறுக்கவில்லை. விசாரித்து முடிவு செய்வோம் என்றிருக்கிறார்.

என் கேள்விகள் இரண்டு. சந்தா இல்லாதவர் பங்குமக்கள் ஆவார்களா, மாட்டார்களா? அடுத்தது, ஞானத்தாய் என்றால் வெள்ளைச் சட்டை, சின்னத் தங்க மோதிரம், போட்டோ, பிரியாணி. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பங்குக் கணக்கர்

டீச்சருக்கு வணக்கம். நான் வேறொரு பங்கில் வரவு செலவு பார்ப்பவன். சந்தா என்றதும் எல்லோரும் எங்களை வட்டிக்கடைக்காரரைப் போலப் பார்க்கிறீர்கள். ஜெனரேட்டருக்கு டீசல், மைக் செட், மாதா கெபிக்குச் (குகைக்குச்) சுண்ணாம்பு, உபதேசியார் சம்பளம் எல்லாம் வானத்திலிருந்தா வருகிறது?

இன்னொன்று. அந்தப் புத்தகம் பணத்துக்கு மட்டும் இல்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் படுத்த படுக்கை, எந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டான் என்பதெல்லாம் சந்தாவுக்குப் போகும்போதுதான் தெரிகிறது. பெயரே இல்லாதவரை எப்படிக் கவனிப்பது?

திருச்சபைச் சட்டமும் என் பக்கம்தான். குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்க இடம் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் இந்த மில்லை விட்டு வேறு மில்லுக்கோ திருப்பூருக்கோ போய்விடுவார்கள். தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டால் போதுமா?

பழைய உபதேசியார்

தம்பி கணக்கர் சட்டத்தை எடுத்ததால் நானும் எடுக்கிறேன். தேவகோட்டைப் பக்கத்துக் கிளைக் கிராமங்களில் சைக்கிள் மிதித்து உபதேசம் சொன்னவன் நான். சட்டம் படித்தது பிறகு, சண்டை போடுவதற்காக.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 518-ஆம் எண், பங்கு என்பது எல்லைக்கு உட்பட்ட எல்லா விசுவாசிகளையும் சேர்த்தது என்கிறது. சந்தாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 102-ஆம் எண்ணைப் பாருங்கள். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, எண்ணம் இல்லாமலே மூன்று மாதம் தங்கிவிட்டாலோ, அவர் அங்கே குடியிருப்பவர். 107-ஆம் எண்படி அந்தப் பங்குத்தந்தைதான் அவருக்குப் பங்குத்தந்தை. ஆக, அந்த மில் குடும்பம் இந்நேரம் உங்கள் பங்குமக்கள் ஆகிவிட்டார்கள். பேரவை ஒப்புதல் கேட்டு ஆகவில்லை, தாமாகவே ஆகிவிட்டார்கள்.

தம்பி சொன்னது 868-ஆம் எண். அதுவும் உண்மைதான். ஆனால் முழுவதையும் படிக்க வேண்டும். அந்த எதிர்பார்ப்புக்குச் சுத்தமாக இடமே இல்லையென்றால்தான் திருமுழுக்கைத் தள்ளிவைக்கலாம். அப்போதும் காரணத்தைப் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். கிழிந்த சான்றிதழுக்கு டேப் ஒட்டி ரயிலில் கொண்டுவந்த தாயிடம் எதிர்பார்ப்புக்கு இடமில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

இனிச் சடங்கையே பார்ப்போம். குழந்தைத் திருமுழுக்கு பீடத்தில் தொடங்குவதில்லை, கோயில் வாசலில் தொடங்குகிறது. குரு இறங்கிவந்து, குழந்தைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று விசாரிப்பார். பிறகு ஞானப் பெற்றோரிடம், இந்தப் பெற்றோருக்குத் துணைநிற்கத் தயாரா என்று கேட்பார். "தயார்" என்று நாம் சொன்ன பிறகுதான் கிறிஸ்தவ சமூகம் உன்னை மகிழ்ச்சியோடு வரவேற்கிறது என்று சொல்லி, குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவார். டீச்சரிடம் அந்தப் பெண் சைகையில் காட்டியது இதைத்தான். சடங்கின் முதல் வரி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பேரவைக்கு மறந்துவிட்டது.

பள்ளத்தூர் வளவு

நான் உங்கள் மதத்தைச் சேர்ந்தவள் இல்லை. சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்ததால் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பேன். சந்தா பற்றிய பேச்சைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் நகரத்தார் வழக்கில் ஒன்பது கோயில்கள். பிறந்த வீட்டை வைத்து ஒருவர் எந்தக் கோயில் என்பது முடிவாகிவிடும். கல்யாணம் ஆனதும் அந்த வீடு ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும், அதன் பிறகு புள்ளிக்கு வரி. இளையாத்தங்குடிக்காரர் ஆசைப்பட்டாலும் பிள்ளையார்பட்டிப் புள்ளி ஆக முடியாது. எங்களுக்கு அது சரி, ஏனென்றால் எங்களுடையது பிறப்பு வழிக் கணக்கு.

உங்களுடையது தண்ணீர் வழிக் கணக்கு என்று சிஸ்டர்கள் வகுப்பில் சொல்வார்கள். யார் வீட்டில் பிறந்தாலும் ஒரே குடும்பம் என்பார்கள். அப்படியிருக்க நீங்கள் ஏன் எங்களைப் போலப் புள்ளி எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்? குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பங்குக் கணக்கர்

ஆச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. டீசலுக்கும் இன்னும் பதில் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

சிங்கப்பூர்க் காரைக்குடியான்

செட்டிநாட்டுக்காரர்களாகிய நாம் வெளியூர்க்காரரைப் பற்றி இப்படிப் பேசுவதுதான் எனக்கு வேடிக்கை. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கப்பலேறாத வீடு நம் பக்கம் எத்தனை?

இங்கே ஓஃபிர் சாலையில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டியது. இன்றும் தமிழில் திருப்பலி உண்டு. நான் வேலைக்கு வந்த புதிதில், யாரையும் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரியும்படி சாய்த்துப் பிடித்தார். பூசை முடிந்ததும் எந்த ஊர் என்றார். காரைக்குடி என்றதும், சாப்பிட்டாயா என்றார். இரண்டு கேள்விதான். சந்தா பற்றிப் பேச்செடுக்க வெகுகாலம் ஆனது. அவர்கள் கேட்கும் முன்பே நான் கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

வரவேற்புக் குழு என்று பட்டுச்சேலை கட்டி, சந்தனமும் கல்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்துக்கொண்டு திருவிழாவுக்கு நிற்பார்களே, அது ஆயருக்கு. மில்லிலிருந்து வருகிறவனுக்கு வேண்டியது பெஞ்சில் அரை அடி நகர்ந்து உட்காரும் ஓர் ஆள்.

ஓரியூர் செம்மண்

எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். ஒரு கசப்பான விஷயத்தையும் வைக்கிறேன்.

வடக்கிலிருந்து வந்தவரை வரவேற்பது சுலபம். அவர் என்ன சாதி என்று நமக்குத் தெரியாது. தெரிந்தவரை என்ன செய்கிறோம்? நம் மாவட்டங்களில் ஒரே தண்ணீரில் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை இல்லையா? தேர் எந்தத் தெரு வரை வரும், எந்தத் தெருவில் திரும்பும் என்று கேட்டுப் பாருங்கள். 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடமே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்தச் சாதிப் புத்தியைக் கண்டித்தார். இருபது ஆண்டு தாண்டிவிட்டது.

2022 மே 15 அன்று தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது ஊரெல்லாம் வெடி போட்டோம். அவர் குருவும் இல்லை, துறவியும் இல்லை. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்த குடும்பஸ்தர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நடுவில் இருந்த ஏழு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்? எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவர்மீது அவ்வளவு கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே வடக்கன்குளத்தில், அடுத்த நூற்றாண்டில், சாதிக்கொரு பக்கமாக இரண்டு கால் விரித்த மாதிரிக் கோயில் கட்டி நடுவே சுவர் வைத்தார்கள். 1910-இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். தேவசகாயம் முழுக்குப் பெற்ற ஊரிலேயே இதுதான் நிலைமை.

ஆகவே டீச்சர், அந்தக் குழந்தைக்கு நிற்பதில் எனக்கு மகிழ்ச்சி. அதே பெஞ்சில் நம் ஊர்ச் சேரித் தெருப் பிள்ளைக்கும் ஞானத்தாயாக நிற்பீர்களா என்பதே என் கேள்வி.

பங்குக் கணக்கர்

இழை திசை மாறுகிறது. திருமுழுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அரிசிமில் சாலை டீச்சர்

மாறவில்லை அண்ணே. அதைப் பற்றித்தான் தம்பியும் பேசுகிறார்.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில், நிற்பேன். கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. ஞானப் பெற்றோரைத் தேடும்போது எல்லோரும் சொந்தத்துக்குள்ளேயே தேடுகிறோம். தாய்மாமன், அத்தை, துபாய்ச் சித்தப்பா. சீர் செய்யக்கூடிய ஆளா என்று பார்க்கிறோம். வேறு தெருவில் கேட்டால் நம் வீட்டிலேயே சண்டை வரும். இந்தத் தாய் என்னைக் கேட்டதற்குக் காரணம் அவளுக்கு இங்கே சொந்தம் யாரும் இல்லாததுதான். அவள் இல்லாமையால் செய்ததை நாம் வேண்டுமென்றே செய்தால் என்ன?

மருத்துவமனை மருமகள்

சி.எஸ்.ஐ. (கத்தோலிக்கம் அல்லாத தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்து கத்தோலிக்க வீட்டுக்கு வாழ வந்தவள். அரசு மருத்துவமனையில் செவிலியர். ஒரு சந்தேகம், ஒரு பட்டியல்.

சந்தேகம்: என் தங்கை இன்னும் சி.எஸ்.ஐ.தான். அவளை என் பிள்ளைக்கு ஞானத்தாயாக வைக்க முடியாது என்றார்கள். அவளும் தந்தை, மகன், தூய ஆவி பெயரால் ஞானஸ்நானம் பெற்றவள்தானே?

பட்டியல் டீச்சருக்கு. முதலில் பிறப்புச் சான்றிதழ். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் பிறந்திருந்தால் பதிவு நடந்திருக்கும், ஆனால் பெயர் இடம் காலியாகக் கிடக்கும். பெயர் சேர்க்காமலே ரயிலேறிவிடுவார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அங்கிருந்து இங்கே அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். எழுத்துப் பிழையையும் பாருங்கள். அவர்கள் குடும்பப் பெயரை நம் கணினியில் தட்டும்போது என்னவெல்லாமோ ஆகிறது.

அடுத்தது தடுப்பூசி அட்டை. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், பிறகு ஒன்பது மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. பல தாய்மார்களுக்கு அங்கே போக வழி தெரியாமலோ, பேச மொழி தெரியாமலோ நின்றுபோகிறது. ரேஷனும் உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அவர்கள் ஊர் அட்டைக்கு இங்கே கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். கடைக்காரர் முடியாது என்று சொன்னால், தமிழ் பேசுகிறவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும், முடிந்துவிடும்.

இதெல்லாம் ஞானக்காரியமா என்று யாராவது கேட்டால், பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறும்போது தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றுங்கள் என்று கெஞ்சிய இரவுகள் எனக்கு உண்டு. ஊற்றியிருக்கிறேன். பிறகு அந்தக் கையாலேயே மருந்தும் ஏற்றியிருக்கிறேன். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிந்தது.

பழைய உபதேசியார்

மகளே, உன் தங்கையின் ஞானஸ்நானம் முழு ஞானஸ்நானம்தான். அவள் நாளைக்கே கத்தோலிக்கத்துக்கு வந்தாலும் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டோம். ஞானப் பெற்றோர் விஷயத்தில் சட்டம் 874. பதினாறு வயது நிறைந்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கர் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால், கூடவே உன் தங்கை சாட்சியாக நிற்கலாம், பதிவேட்டில் அவள் பெயரும் ஏறும். முடியாது என்று மொட்டையாகச் சொன்னவர் பாதியைத்தான் சொன்னார். நெருக்கடியில் நீ தண்ணீர் ஊற்றியதும் செல்லும். 861-ஆம் எண், அவசரத்தில் சரியான எண்ணத்தோடு யாரும் கொடுக்கலாம் என்கிறது. அப்படிக் கொடுத்தால் பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதியச் செய்ய வேண்டும்.

பதிவேடு என்றதும் கணக்கர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் போய்விடுவார்கள் என்றீர்கள். போகட்டும். ஆனால் அந்தக் குழந்தையின் வரி உங்கள் பங்குப் பதிவேட்டில்தான் இருக்கும். சாகிறவரை அங்கேதான். அவனுக்கு உறுதிப்பூசுதல் நடந்தாலும், கல்யாணம் நடந்தாலும், குருப்பட்டமே கிடைத்தாலும், அந்த வரிக்கு எதிரே குறிப்பு எழுத வேண்டும். 535-ஆம் எண். இருபத்தைந்து வருடம் கழித்து சிம்டேகாவில் ஒரு குரு, கோயிலில் கல்யாண ஓலை (அறிவிப்பு) வாசிப்பதற்கு முன், செட்டிநாட்டில் உள்ள உங்கள் பங்குக்குக் கடிதம் எழுதுவார். அப்போது உங்களுக்குப் பின் கணக்குப் பார்ப்பவர் பழுப்பேறிய அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். சந்தா கட்டி ஊரிலேயே இருக்கிறவர் பெயர் சந்தா புத்தகம் மாறினால் போய்விடும். இந்தப் பையன் பெயர் போகாது.

டீச்சரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் ஊற்றியதும் கிறிஸ்மா என்னும் புனித எண்ணெயை உச்சந்தலையில் பூசுகிறோம். குரு, இறைவாக்கினர், அரசர் ஆகிய கிறிஸ்துவின் உறுப்பாகிவிட்டாய் என்று பொருள்பட ஒரு செபம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய சாசனத்தில் இதை எடுத்து விரித்து எழுதியது. மூன்றும் சாமியாருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், முழுக்குப் பெற்ற எல்லோருக்கும் உண்டு என்றது. எழுதி அறுபது ஆண்டு தாண்டியும் நம் மக்களுக்குக் குரு என்றால் ஃபாதர், இறைவாக்கினர் என்றால் தியானக்கூடத்தில் சத்தம் போடுபவர், அரசர் என்றால் பேரவைத் துணைத்தலைவர்.

எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். குழந்தை தூங்கும்போது அதன் பெயர் சொல்லிச் செபியுங்கள், அது குருத்துவம். ரேஷன் கடையில் பக்கத்தில் நில்லுங்கள், அது அரசப்பணி. இறைவாக்குப் பணிதான் கஷ்டம். அந்த மில்லில் ஞாயிற்றுக்கிழமை விடுப்பு உண்டா? இல்லையென்றால், முதலாளியிடம் போய்க் கேட்கப்போவது யார்?

ஓரியூர்த் தம்பி பெயரிலேயே ஊரை வைத்திருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். போர்த்துகலிலிருந்து வந்த சேசு சபைக் குரு அருளானந்தர் 1693-இல் மறவர் தலைவர் தடியத்தேவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள் என்றார். மற்ற மனைவியரில் கடலாயி, ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அவள் முறையிட்டாள். பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை விழுந்தது. திருமுழுக்கு நடந்து ஒரு மாதத்துக்குள் அரண்மனையே ஆடியது. நாம் கொடுக்கும் திருமுழுக்கில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதில்லை. (கடலாயி பக்கத்துக் கதையை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. வாழ்வை இழந்தவள் அவள். அதையும் யாராவது ஒரு நாள் சொல்ல வேண்டும்.)

களம் வைத்திருப்பவன்

கேட்கப்போவது யார் என்று உபதேசியார் ஐயா கேட்டதால் வெளியே வருகிறேன். நான் கத்தோலிக்கன், சின்ன மில் வைத்திருக்கிறேன். டீச்சர் சொன்ன மில் என்னுடையது இல்லை, ஆனால் கதை ஒன்றுதான்.

டிரையர் போட எனக்கு வசதியில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் கொட்டிவிட்டால் வெயில் இருக்கும்போதே காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வாடை ஏறும், அரிசி நிறம் மங்கும், விலை விழும். அதனால்தான் என் ஆட்கள் மழை பெய்த ஞாயிறுகளில் மட்டும் கோயிலுக்குப் போகிறார்கள். வெயில் அடித்தால் பூசை இல்லை. மழைக்கு நன்றி சொல்லிக்கொண்டு அவர்கள் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

வழி இருக்கிறது. சனிக்கிழமை இரவு அவியல் போடாவிட்டால் ஞாயிறு களம் காலி. ஊறவைப்பதை ஒரு நாள் தள்ளினால் முடியும். சிக்கல் எனக்கு அதில் இல்லை. கூலி மூட்டைக் கணக்கு. களம் காலி என்றால் அவர்கள் கையும் காலி. விடுப்புக் கொடுத்தால், "முதலாளி, எங்கள் காசு?" என்பார்கள். நியாயமான கேள்வி.

ஓரியூர் செம்மண்

அண்ணே, அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு விடுப்பும் கொடுத்தால் அது விடுப்பு. கூலி இல்லாமல் கொடுத்தால் பட்டினி.

களம் வைத்திருப்பவன்

தம்பி, நீங்கள் ஒரு மாதம் என் கரண்டு பில்லைக் கட்டிப் பாருங்கள். இருந்தாலும் சொல்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, பாதிக் கூலியோடு. இந்தக் குறுவை அறுவடை வரத்து முடியட்டும், அதன் பிறகு தொடங்கலாம் என்று பார்க்கிறேன். நாலு ஞாயிறும் கேட்டு யாரும் வரவேண்டாம்.

பழைய உபதேசியார்

ஒன்றில் தொடங்கட்டும். மற்றதைக் கேட்க நாங்கள் வருவோம்.

சிங்கப்பூர்க் காரைக்குடியான்

மாலைப் பூசை ஒன்று வைத்தால் களமும் காயும், பூசையும் கிடைக்குமே? இங்கே வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு மாலையும் வைக்கிறார்கள். ஒரு வாசகம் இந்தியில் இருந்தால் இன்னும் நல்லது.

கும்லா, சிம்டேகா இருக்கும் சோட்டா நாக்பூர் பற்றி ஒரு தகவல். பெல்ஜியத்திலிருந்து வந்த சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் அங்கே போனார். ஆதிவாசிகளின் நிலத்தை ஜமீன்தார்கள் பிடுங்கிக்கொண்டிருந்த காலம். அவர் சட்டம் கற்று, வழக்குகளில் அவர்களோடு நின்றார். அதைப் பார்த்துத்தான் ஊர் ஊராகத் திருமுழுக்குக்கு வந்தார்கள். டீச்சரிடம் வந்த பெண்ணின் வீட்டில் அந்தப் பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அரிசிமில் சாலை டீச்சர்

கேட்டேன். லீவன்ஸ் என்றதும் அவள் கணவர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய தாத்தாவுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்களாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஃபாதரிடம் 102, 107 இரண்டையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்தார். தமக்குத் தெரியும் என்றும், பேரவையில் ஒருவராவது கேட்கட்டும் என்று காத்திருந்ததாகவும் சொன்னார். (தெரிந்தவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.) ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா அன்று, திருப்பலிக்கு நடுவிலேயே, எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். பிற்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு முடிக்கிற வழக்கம் இந்த முறை இல்லை.

பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். மருமகள் சொன்னபடியே பெயர் இடம் காலி. தந்தை பெயரில் ஓர் எழுத்து தவறு. நகராட்சி அலுவலகத்துக்கு வரும் திங்கள் போகிறோம். இரண்டாம் தடுப்பூசி தவறியிருந்தது, போட்டாகிவிட்டது.

வெள்ளைச் சட்டை நான் வாங்கப்போவதில்லை. தாயே தைக்கிறாள். அவள் கல்யாணச் சேலை வெள்ளையில் சிவப்புக் கரை போட்டது. அந்தக் கரையில் ஒரு துண்டை வெட்டிக் கழுத்துப் பட்டியில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஊசி நூல் மட்டும் என்னுடையது.

ஞானத்தந்தை இன்னும் கிடைக்கவில்லை. பேரவையில் கேட்டபோது எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

ஓரியூர் செம்மண்

நான் உறுதிப்பூசுதல் பெற்றவன், பதினாறு தாண்டியவன், பஸ்ஸில் வந்துவிடும் தூரம். இந்தி தெரியாது. பரவாயில்லையா?

அரிசிமில் சாலை டீச்சர்

பரவாயில்லை தம்பி. உங்கள் பங்கிலிருந்து சான்று வாங்கி வாருங்கள். குழந்தைக்கும் இந்தி தெரியாது.

பள்ளத்தூர் வளவு

அன்றைக்கு நான் வரலாமா? பின்னால் நிற்கிறேன். வெள்ளைப் பணியாரம் செய்து எடுத்துவருகிறேன், உங்கள் நோன்பு நாளாக இருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

பழைய உபதேசியார்

நோன்பில்லை ஆச்சி. பின்னால் நிற்கவும் வேண்டாம். நிறையச் செய்து வாருங்கள்.

பங்குக் கணக்கர்

எல்லோரும் என்னை வில்லனாக வைத்துக்கொண்டு முடித்துவிடாதீர்கள். எங்கள் பங்கு எல்லையிலும் இரண்டு மில்கள் இருக்கின்றன. சந்தா புத்தகத்தின் கடைசியில் மில் குடியிருப்பு என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். தொகை எழுதும் கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். எந்த அறையில் யார், எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, யாருக்கு இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை என்று எழுத வேண்டும். எனக்கு மொழி தெரியாது. டீச்சர் ஒரு சனிக்கிழமை வந்தால் நன்றாக இருக்கும். பைக்கில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன், பெட்ரோல் என் கணக்கு.

மாலைப் பூசைக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்பதையும் மறுபடி சொல்லிவைக்கிறேன்.

களம் வைத்திருப்பவன்

டீசல் நான் தருகிறேன். ஒரு கேன்.

அரிசிமில் சாலை டீச்சர்

வருகிறேன் அண்ணே. ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் போனால் எல்லோரும் களத்தில் இருப்பார்கள்.